புகைக்குள்ள இருந்தவ

கையை எடு மொதல்ல. கண்ணைக் கசக்காத மலருன்னு எத்தனை தடவை சொல்றது! வா, பெரியம்மா மடியில படு. கதை சொல்றேன். ஆனா நடுவுல பயந்தா நிப்பாட்ட மாட்டேன், ஆமா. "ம்" சொல்லு.

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சு. அந்த வீட்டுல இருந்தது மூணு பேரு. ஆனா மூச்சு விட்டது நாலு பேரு.

மலை மேல ஊரு. பூண்டு வெளையிற ஊரு. தை மாசம் விடிஞ்சா, புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாப்ல உறைபனி. அந்த வீட்டுல சடையாண்டி, அவன் பொண்டாட்டி வீராயி, அவங்க மக சிட்டம்மா. சிட்டம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும்.

பனிக்காலத்துல ஒரு தாகக்காரி திரியிறான்னு ஊரே சொல்லும். வாளித் தண்ணியெல்லாம் உறைஞ்சிரும்ல? குடிக்க ஒண்ணும் கெடைக்காம, அவ மனுசங்க கண்ணுல இருக்கற தண்ணியக் குடிப்பாளாம். அதனால சடையாண்டி கதவை அடைச்சான், சன்னலை அடைச்சான், சந்து பொந்துல எல்லாம் சாக்கைத் திணிச்சான். அப்புறம் அடுப்பு நெறைய வெறகைப் போட்டான். பரண்ல விதைப்பூண்டு கொத்துக் கொத்தா தொங்குது, அதுக்குப் புகை காட்டணும். "புகையும் நிக்கும், அவளும் வர மாட்டா"ன்னு அவனுக்கு ஒரே பெருமை. பெரிய மேதாவி!

ம் சொல்லுடி. முழிச்சுத்தான் இருக்கியா? சரி.

வீராயி அடுப்பு முன்னால குந்திக்கிட்டு நாள் பூரா பூண்டு உடைப்பா. மொத நாள் சாயங்காலம், பரண்லேருந்து ஒரு சத்தம். ஸ்ஸ்ர்ர்ர்... "கண்ணுல மண்ணு விழுந்தாப்ல உறுத்துதே"ன்னா வீராயி. பூண்டுக் கையோடயே கசக்கினா.

"அப்பா, மேல என்னமோ சத்தம் கேக்குது. கதவைத் தெறப்போமா?"

"வாயை மூடு. தெறந்தா அவ வந்துருவா."

ரெண்டாம் நாள் காலையில மறுபடியும் ஸ்ஸ்ர்ர்ர்... இப்போ கொஞ்சம் கிட்டத்துல. வீராயி கண்ணு ரெண்டும் மொளகாப்பழமா செவந்து போச்சு. பூண்டுன்னு நெனைச்சு அடுப்புத் தணலையே எடுக்கப் போயிட்டா! சிட்டம்மா பாஞ்சு கையைப் புடிச்சா.

"சன்னலையாவது தெறந்து விடுப்பா!"

"விதை புழுத்துப் போனா அடுத்த போகத்துக்கு எதை நடுறது? உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, போ."

அப்புறம் மூணாம் நாள். உச்சி வெயில். கூரையில ஒரு கண்ணாடி ஓடு, அது வழியா வெயில் வீராயி மூஞ்சிலயே அடிக்குது. வீராயி கேக்குறா, "சிட்டம்மா, பொழுது போயிருச்சே, வெளக்கு ஏத்தலையா?"

ஐயோ! புள்ள அம்மா மூஞ்சி முன்னால கையை ஆட்டிப் பாத்தா. "அம்மா!"ன்னு அலறினா. அப்போ தலைக்கு மேல, புகைக்குள்ளேருந்து, வறண்ட தொண்டையில ஒரு கொரலு.

"தாகமா இருக்கு..."

சடையாண்டி கல்லாட்டம் நின்னுட்டான். சிட்டம்மாதான் கேட்டா, "நீ எப்படி உள்ள வந்தே?"

"நான் எங்கடி வந்தேன்? உங்கப்பன் கதவைச் சாத்தறப்போவே உள்ளதான் இருந்தேன். இந்தப் புகைதான் எனக்கு வீடு. இன்னும் ரெண்டே மடக்கு. உங்கம்மாவை முடிச்சிட்டு உன்கிட்ட வர்றேன்."

சிட்டம்மா கதவுக்கு ஓடினா. தாழ்ப்பாளை இழுத்தா, வரல. மறுபடி இழுத்தா, கிறீச்சுன்னுச்சு, வரல. பின்னால ஸ்ஸ்ர்ர்ர்னு சத்தம் அவ கழுத்துக்கே வந்துருச்சு. மூணாவது தடவை தொங்கிக்கிட்டு இழுத்தா பாரு, படார்! காத்து ஹோன்னு உள்ள வந்துச்சு. புகை மொத்தமும் சுருண்டு வெளிய ஓடுச்சு. போறப்போ என்னமோ ஒண்ணு அவ கன்னத்தை உரசிக்கிட்டுப் போச்சு, காஞ்ச வைக்கோலாட்டம்.

ம்னு சொல்லவே மாட்டேங்குற? பயமா இருக்கா? எனக்கும்தான்.

அப்புறம் சடையாண்டி நல்ல தண்ணியால பொண்டாட்டி கண்ணைக் கழுவி, அவளை முதுகுல தூக்கிக்கிட்டு கீழ கண்ணாஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டரம்மா அவனைப் புடிச்சுக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. "பூண்டுக் கையால கசக்கி கருவிழியெல்லாம் புண்ணு. இப்படிப் புகையை அடைச்சு வெச்சா கண்ணு காயாம என்னய்யா செய்யும்?" சொட்டு மருந்து விட்டு, பத்து நாள் வெச்சுப் பாத்தாங்க.

பதினோராம் நாள் வலது கண்ணு தெரிஞ்சுது. இடது கண்ணு வரவே இல்ல. அதை அவ குடிச்சிட்டா.

வீராயி இருந்த ஒத்தைக் கண்ணால மகளை உத்துப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அத்தனை நாளும் காஞ்சு கெடந்த அந்தக் கண்ணுலேருந்து பொலுக்குன்னு ஒரு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு. "அழு வீராயி, நல்லா அழு, உன் கண்ணுல தண்ணி இருக்கு"ன்னு சடையாண்டி அவ காலைப் புடிச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதான்.

அந்தத் தாகக்காரியா? எந்த வீடு அடைஞ்சு கெடக்குன்னு பாத்துக்கிட்டு இன்னும் திரியிறா. நம்ம சன்னல் ஒரு சாண் தெறந்துதான் இருக்கு. குளுந்தா கம்பளியை இழுத்துக்கோ. கண்ணைத் தொடாத, மெல்ல மூடு. மூடின கண்ணு அவளுக்கு எட்டாது. கதை அம்புட்டுத்தான், தூங்குடி தங்கம்.