ராஜா கட்டிலுக்கு மேலே ஒழுகல்

மஞ்சனூர் ராஜா அட்சயராயருக்குப் படைக்குப் பயமில்லை, பாம்புக்குப் பயமில்லை. மழைக்குத்தான் நடுக்கம். ஏன் என்கிறீர்களா? ராஜா கட்டிலில் சாய வேண்டியதுதான், ஓட்டுக் கூரை அவர் மூக்கு நுனியில் 'சொட்' என்று ஒன்று வைக்கும். கட்டிலை நகர்த்தினால் காதில் வைக்கும்!

ஓடு வேய்கிற மூக்கையன் வந்து உடைந்ததை மாற்றிவிட்டுப் போவான். அடுத்த மழைக்கு மறுபடியும் சொட்.

ராஜாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எவனால இந்தக் கூரை ஒழுகுதோ, அவன் குடும்பத்தோட ஆத்துக்கு அந்தப்பக்கம் போயிடணும். இது கட்டளை! மூக்கையா, உனக்கு இதான் கடைசித் தடவை!"

மூக்கையன் அழுதுகொண்டே ஓடு மாற்றினான். அரசவையில் கெட்டிக்காரன் கோனேரி. அவன் ஏணியில் ஏறிப் பார்த்தான்.

"ஏம்ப்பா, நல்லாத்தானே வேஞ்சிருக்கே? அப்புறம் எப்படி ஒழுகுது?"

"நான் இறங்கினப்புறம் மேலே ஏறுறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க சாமி. அதை என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

கோனேரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வேலை முடிந்ததும் ராஜாவே கூரை ஏறிச் சோதிப்பது அந்த அரண்மனை வழக்கம். ராஜா உடம்பு லேசுப்பட்டதா? ஏணியை நாலு பேர் பிடிக்க வேண்டும்! கீழே தவிலும் நாயனமும் கொம்பும் முழங்கும். மேலே அவர் குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்து, "பலே, கெட்டி!" என்பார்.

அன்றைக்கும் ராஜா ஏறினார். கோனேரி மேளக்காரர்கள் பக்கம் திரும்பினான். "ஊதுறவங்க வெத்திலை போட்டுக்குங்க. அடிக்கிறவங்க கையைக் கட்டிக்குங்க."

ராஜா ஓர் அடி வைத்தார். மடக்!

இன்னோர் அடி. மடக், மடக்!

"கோனேரி, என்னடா அது சத்தம்?"

"ஒழுகல் திரும்பி வர்ற சத்தம், பிரபு! எப்பவும் வர்றதுதான். மேளத்துல உங்க காதுக்கு எட்டலை."

ராஜா காலைத் தூக்கிப் பார்த்தார். புத்தம்புது ஓடு இரண்டாகக் கிடந்தது. முகம் தொங்கிப் போயிற்று.

"அப்போ... ஆத்துக்கு அந்தப்பக்கம் போக வேண்டியது நானா?"

"அவ்வளவு தூரம் எதுக்கு பிரபு? இந்த ஏணிக்கு அந்தப்பக்கம் ஏறிப் போகாம இருந்தாப் போதும்!"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மூக்கையா, நீ எங்கேயும் போக வேண்டாம்! கோனேரி, இந்தாடா என் முத்துமாலை!" தொந்தி குலுங்கச் சிரித்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார். கூரை மேலேயே குதித்துக் குதித்துச் சிரித்தார். காலடியில் மடமடவென்று ஓடுகள்!

மூக்கையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கோனேரி அலறினான்: "பிரபு! மாலை கிடக்கட்டும், மிச்சத்தைக் கீழே வந்து சிரிங்க!"