சாய்ந்த கம்பம்

படத்தில் பள்ளிக்கூடச் சுவர் நேராக இருந்தது. ஓரத்தில் நின்ற மின்கம்பம் சாய்ந்திருந்தது.

அணைந்தபெருமாள் அந்தப் படத்தை மீரான் வாத்தியாரிடம் நீட்டினார். சீடருக்கு ஐம்பத்தாறு வயது. வாத்தியாருக்கு நாற்பதுதான். துருத்தி வைத்த பெரிய கேமராவில் படம் எடுக்க அவரிடம் மூன்று வருடமாகக் கற்றுவந்தார்.

“ரெண்டு நாளா சோறு இறங்கல, வாத்தியார். கம்பம் நிஜமாவே சாஞ்சு நிக்கா, இல்ல நான் சாச்சேனா?”

“கேமராவை எப்படி வச்சீங்க?”

“கேமராவோட பின்கண்ணாடியில பாத்தப்போ சுவரு உச்சிப்பக்கம் விரிஞ்சு தெரிஞ்சுது. கேமராதான் கோணல்னு நெனச்சேன். பின்கண்ணாடியைக் கொஞ்சங் கொஞ்சமாச் சாச்சேன். கோடெல்லாம் நேராச்சு. லென்ஸ் பலகையையும் அதே அளவுக்குச் சாச்சேன். அடியில இருந்து உச்சி வரைக்கும் செங்கல் செங்கலாத் துல்லியம்.”

“ரசமட்டம் வச்சு கேமரா மட்டமா இருக்கான்னு பாத்தீங்களா?”

“அது பையிலேயே கிடந்துச்சு.”

“இந்தப் படத்தை வேற யாருக்குக் குடுத்தீங்க?”

“தாளாளருக்கு ஒண்ணு குடுத்தேன், அவரு கல்வி ஆபீசுக்கு அனுப்பிட்டாரு. இதைப் பாத்துத்தான் சுவரு நல்லாருக்குன்னு எழுதித் தருவாங்களாம். அது அடியிலதான் பிள்ளைங்க பிரேயருக்கு நிக்கும்.”

“எத்தனை மணிக்கு?”

“ஒம்பது.”

அப்போது மணி எட்டேகால். மீரான் கேமரா முக்காலியைத் தோளில் எடுத்துக்கொண்டார்.

பள்ளி மைதானத்தில் யாரும் இல்லை.

“அன்னைக்கு வச்ச மாதிரியே வைங்க” என்றார். பிறகு நடந்துபோய்ச் சுவரின் ஓரத்தில், அதன் அடியில் நின்றுகொண்டார்.

அணைந்தபெருமாள் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

“நான் எப்படி நிக்கேன்?”

“சாஞ்சு நிக்கீங்க.”

“சுவரு?”

“நேரா.”

அப்போதுதான் உள்ளே வந்த இரண்டு சிறுமிகள் பையைச் சுவரடியில் போட்டுவிட்டு மீரானின் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“மாமா, போட்டோவா? எங்களையும் எடுப்பீங்களா?”

கண்ணாடிக்குள் அவர்களும் தலைகீழாக, சாய்ந்து நின்றார்கள். சுவர் மட்டும் நேராக இருந்தது.

அணைந்தபெருமாள் துணியை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏ பிள்ளைகளா, வாசலுக்கு ஓடுங்க! வர்றவங்களையும் அங்கேயே நிக்கச் சொல்லுங்க! ஓடுங்க!”

குழந்தைகள் பையை விட்டுவிட்டு ஓடினார்கள். மீரான் நகரவில்லை.

“நீங்களும் வாங்க, வாத்தியார்.”

“ஏன்?”

“விழுந்துரும்.”

“நேராத்தானே இருக்கு? நான் உங்க படத்துலதான் நிக்கேன், அண்ணாச்சி.”

சுவரிலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்து மீரானின் தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

அணைந்தபெருமாள் ரசமட்டத்தை வைத்து முக்காலியின் கால்களைச் சரிசெய்தார். திருகைத் தளர்த்திக் கண்ணாடியையும் பலகையையும் நிமிர்த்தினார். மறுபடி துணிக்குள் குனிந்தார். கம்பம் நேராக நின்றது. வாத்தியாரும் நேராக நின்றார். சுவர்தான் உச்சியில் விரிந்து, அவர் தலைக்கு மேல் சாய்ந்து வந்திருந்தது.

“எடுத்துட்டேன்! வந்துருங்க!”

மீரான் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.

வாசலில் தாளாளரின் குரல் கேட்டது.

“யாருய்யா பிள்ளைகளை இங்க நிறுத்தினது? மணி அடிக்கப் போகுது. எல்லாரும் உள்ள போய் வரிசையில நில்லுங்க.”

அணைந்தபெருமாள் மீரானிடம் திரும்பினார்.

“ஊரே கூடியிருக்கும்போது என் படத்தைப் பாராட்டினவரு. இப்போ அவர்ட்ட நான் என்னன்னு சொல்ல, வாத்தியார்?”

மீரான் பைகளைக் கீழே வைத்தார்.

“கம்பம் நேராத்தான் நிக்குன்னு சொல்லுங்க.”