கோடு கிழிக்காத நிலம்

நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிகளின் நிலம் குலத்துக்கே பொது. இது உனக்கு, இது எனக்கு என்று அவர்கள் பிரித்துவைப்பதில்லை. அப்படியொரு நிலத்தின் ஓரத்தில், ஓட்டை வேனுக்குள், இருமிக்கொண்டே இருந்த அம்மாவோடு கிடந்தான் ராவிரி. வீடு கட்ட அனுமதி கேட்டு ஆபீசுக்கு நடந்து நடந்து அவன் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அதிகாரி கிளிஃபர்ட் துரைக்கு ஒரே பாட்டு. "உன் பங்கு எது? கோடு கிழிச்சுக் காட்டு. அப்புறம் கட்டு."

இல்லாத கோட்டை எங்கே போய்க் கிழிப்பது? குளிர்காலம் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்தாள்.

அடக்கமும் அதே நிலத்தில்தான். குலமே திரண்டிருந்தது. துரையும் மரியாதைக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். ராவிரி மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தான்.

"அய்யா, அம்மா பங்கு எதுன்னு நீங்களே கோடு போடுங்க. தாண்டித் தோண்டிட்டா தப்பாயிடும்."

துரை பதறிப்போனார். "சேச்சே, இதுக்குப் போய் பங்கு எதுக்குப்பா? அவங்க இந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க. எங்கே வேணும்னாலும் தோண்டலாம்."



"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் ராவிரி. "இதையே துரை போன மாசம் சொல்லியிருந்தா, அம்மாவுக்குக் குழி தோண்டாம வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருப்போம்."