சிவகாமி வண்டிக்கு எந்த பில்டர்?

நாமக்கல் நாச்சிமுத்துவைக் கஞ்சன் என்றால் கோபம் வரும். சிக்கனக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு லாரி. புது வண்டியின் நெற்றியில் மகள் பேர் இனியா, பழையதில் மனைவி பேர் சிவகாமி.

பழைய வண்டி டிரைவர் மாரப்பன் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டான். "நல்ல ஆயில் பில்டரா குடுங்க. மட்டமானது உள்ள கிழிஞ்சா எஞ்சினே போயிருமுங்க."

நாச்சிமுத்து இரண்டு பில்டரை மேஜைமேல் வைத்தார், ஒன்று மலிவு, ஒன்று விலை கூடியது. "ரெண்டும் ஒரே டப்பாதான்டா. பிரிக்காம வித்தியாசத்தைக் காட்டு, நல்லதையே எடுத்துக்க."

மாரப்பன் தலையைச் சொறிந்தான். "நீங்க சொன்னாச் சரிதானுங்க. அப்ப மலிவானதை இனியாவுக்கு மாட்டிடறனுங்க."

முதலாளி துள்ளி எழுந்தார். "அடேய், அது புது வண்டி! அந்தக் குப்பையைச் சிவகாமிக்கே மாட்டு!"

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வித்தியாசம் தெரிஞ்சுருச்சுங்க" என்று நல்ல பில்டரை எடுத்துக்கொண்டு மாரப்பன் நடையைக் கட்டினான்.

மதியம் முதலாளி இலையில் பொன்னி அரிசிக்குப் பதில் ரேஷன் அரிசிச் சோறு விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வெள்ளைதானுங்க, சாப்பிடுங்க" என்றாள் சிவகாமி.