கட் சொல்லாத டேக்

விளம்பரப் படத்தில் யாரும் சாவதில்லை. இன்ஷூரன்ஸ் விளம்பரத்தில்கூட, மாலை போட்ட ஒரு போட்டோவைக் காட்டிவிட்டு நேராகப் பையனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விடுவார்கள். சேந்தன் இருபது வருஷம் அந்த உலகத்தில்தான் பிழைத்தான். குக்கர், நகைக்கடை, தலைக்கு எண்ணெய், சிமெண்ட் என்று அவன் கைபடாத பொருள் இல்லை. எதை எடுத்தாலும் முப்பது நொடிக்குள் சிரிப்பில் கொண்டுபோய் முடித்துவிடுவான்.

நாற்பத்தைந்து வயதில் சினிமா எடுக்க வந்தான். ஆசை முதலிலிருந்தே இருந்தது. வயிற்றுப்பாட்டுக்காகத் தள்ளிப் போட்டிருந்தான். "முப்பது செகண்ட் ஆளு, ரெண்டரை மணி நேரம் எப்படி தாங்குவான்?" என்று சினிமாக்காரர்கள் கூடும் சாலிகிராமத்து டீக்கடைகளில் பேசினார்கள். அது அவன் காதுக்கும் வந்தது. அந்த ரோஷத்திலேயே படத்தை ஒரு சாவில் முடித்து எழுதினான். கைவிட்ட கல்குவாரித் தண்ணீரில் ஒரு தகப்பன் மூழ்கிப்போகிறார். வசனம் கிடையாது. சிரிப்பு கிடையாது.

அந்தக் காட்சியை எடுத்த அன்று, தகப்பனாக நடித்த சூசைமாணிக்கம் நிஜமாகவே செத்துப்போனார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மதிய வேளையில், சேந்தன் எடிட்டர் பத்மாசனியின் அறைக்கு வந்தான்.

விளம்பரத்துக்குப் போவதற்கு முன்னால் அவன் பத்மாசனியிடம்தான் உதவியாளனாக இருந்தான். தொழிலில் அவனுக்குத் தெரிந்த உருப்படியான விஷயமெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. அதிகம் பேசமாட்டார். தயாரிப்பாளர்களே அவரிடம் வாயைக் கொடுக்க ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள்.

"சாப்டியா?"

"ஆச்சுக்கா."

பொய் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சேந்தன் கையோடு கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தான்.

"ரெண்டு டேக் இருக்குக்கா. மொதல் டேக்ல அவர் நல்லா இருந்தாரு. ரெண்டாவதுலதான்..."

"ம்."

"படம் அந்த ஷாட்லதான் முடியுது. எதை வைக்கட்டும்? நீங்க சொல்றதுதான்."

"உனக்கு எது வேணும்?"

"ரெண்டாவது." சொன்ன வேகத்தில் அவனே கொஞ்சம் மிரண்டான். "தப்பா நெனைக்காதீங்கக்கா. அது அவரோட கடைசி நடிப்பு. அதைத் தூக்கிப் போட்டா அவருக்குத்தான் அவமரியாதை. ஹார்ட் அட்டாக்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. யார் மேலயும் தப்பில்ல. ஒரு நொடிதான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"அவர் வீட்ல?"

"அவர் சம்சாரம் இருக்காங்க, ஆரோக்கியமேரின்னு. நடிச்சுக்கிட்டே போயிட்டாரும்மா, அவருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லியிருக்கேன். அந்தக் காட்சியைப் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. வெள்ளிக்கிழமை இங்க வரச் சொல்லியிருக்கேன்."

சூசைமாணிக்கத்தின் முகம் ஊருக்கே தெரியும், பேர்தான் யாருக்கும் தெரியாது. நகைக்கடை விளம்பரத்தில் மகளைக் காரேற்றி அனுப்பிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைப்பாரே, அவர்தான். சேந்தனின் விளம்பரங்களில் எல்லாப் பெண்களுக்கும் அவர்தான் அப்பா. விளம்பரத்துக்குச் சத்தத்தைப் பெரும்பாலும் பின்னால்தான் சேர்ப்பார்கள் என்பதால், கேமரா ஓடும்போதே டைரக்டர் வாய் ஓயாமல் பேசலாம். ‘சிரிங்கண்ணே, இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம் பாருங்க, அப்படியே இருங்க.’ சேந்தன் மைக்கில் சொல்லச் சொல்ல சூசைமாணிக்கம் செய்வார். ஏன், எதுக்கு என்று கேட்கமாட்டார். அந்தக் குரல் கிணற்றில் குதி என்றாலும் குதித்திருப்பார், பாவம்.

பத்மாசனி இரண்டு டேக்கையும் சத்தம் சேர்க்காத வெறும் படமாகவே பார்த்தார்.

முதலாவதில் தகப்பன் தண்ணீருக்குள் நடந்தார், கையை உயர்த்தினார், மூழ்கினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் கை மேலே வந்தபோது விரல்கள் விரிந்து, மூடி, மறுபடி விரிந்தன. முகம் ஒரு தடவை கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையைச் சம்பளம் கொடுத்து யாரிடமும் வாங்க முடியாது.

"நல்ல ஷாட்," என்றார் பத்மாசனி.

சேந்தனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம் அது. மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"சத்தம் எங்க?"

"வசனமே இல்லயேக்கா. மியூசிக் மட்டும்தான்."

"தண்ணிச் சத்தம் எடுத்திருப்பாங்கல்ல?"

எடுத்திருந்தார்கள். சவுண்ட்காரர் தண்ணீரை ஒட்டிய பாறை இடுக்கில் ஒரு ரெக்கார்டரை ஓடவிட்டுவிட்டு, மற்றவர்களோடு மேலே கரையில் போய் நின்றுகொண்டார். நடந்தது நடந்த பிறகு அதைப் போட்டுக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. டிஸ்க்கில் அது அப்படியே கிடந்தது.

பத்மாசனி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காரு. ரெண்டாவது டேக்குக்கு நீயே சத்தத்தைச் சேர்த்து வை."

அவன் இந்த அறையில் கற்ற முதல் வேலை அதுதான். கிளாப் கட்டை மூடும் படத்தையும், அது மூடும் சத்தத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதன் பிறகு படமும் சத்தமும் தானாகச் சேர்ந்து நடக்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவன் கை அதை மறக்கவில்லை. சேர்த்தான். ஓடவிட்டான்.

குவாரியில் அவன் மைக்கில் பேசி, ஸ்பீக்கர் வழியாகப் பாறைகளில் பட்டு எதிரொலித்த குரல் அறைக்குள் கேட்டது.

"ஆக்‌ஷன்! போங்கண்ணே, உள்ள போங்க. கையைத் தூக்குங்க."

கை மேலே வந்தது.

"சூப்பர்! விரலை விரிங்க!"

விரல்கள் விரிந்தன.

அவன் குரலுக்கு அடியில், ரெக்கார்டருக்குப் பக்கத்தில், இன்னொரு குரல் இருந்தது.

"போதும் தம்பி."

"அதேதாண்ணே! அந்த மூஞ்சி! இங்க பாருங்க!"

"தம்பி... முடியல..."

கரையில் யாரோ சரளைக்கல்லில் ஓடி இறங்கும் சத்தம் கேட்டது.

"யாரும் எறங்காதீங்க! ஷாட்டைக் கெடுக்காதீங்கய்யா! நல்லா பண்றாரு!"

பிறகு தண்ணீர் மட்டும் கேட்டது. அதன் மேல் சேந்தனின் குரல், "பிரமாதம்ணே, பிரமாதம்," என்றது. இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

"அண்ணே?" என்றது.

சேந்தனின் கை சத்தத்தை நிறுத்தப் போனது.

"கையை எடு," என்றார் பத்மாசனி.

மற்றதையும் கேட்டார்கள். கூச்சல், ஓட்டம், நீருக்குள் குதிக்கும் ஆட்கள், யாரோ ஒருவரின் அழுகை. அவ்வளவும் ஓடி முடிந்தது.

"எனக்குக் கேக்கலக்கா. சத்தியமா கேக்கல. அந்த ஸ்பீக்கர் சத்தத்துல..."

"தெரியும்."

"ஒரு நொடின்னுதான் நெனச்சேன்."

அவர் திரையின் கீழே ஓடும் நேரத்தைக் காட்டினார். ‘போதும் தம்பி’ என்பதிலிருந்து ‘அண்ணே?’ வரைக்கும் ஒரு விளம்பரத்தின் நீளம் இருந்தது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்று ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சேந்தன் அழுதான். வாய்விட்டு, கேட்க அருவருப்பாக, சின்னப் பிள்ளைபோல அழுதான். பத்மாசனி தேற்றவில்லை. அவன் ஓயும்வரை சுவரோரம் நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"இதுல நீ எங்கயும் கட் சொல்லல," என்றார் பிறகு.

அவன் நிமிர்ந்தான்.

"எங்க சொல்லியிருக்கணும்? அந்த எடத்துல கொண்டுபோய் நிறுத்து."

அவன் பின்னால் ஓட்டினான். ‘யாரும் எறங்காதீங்க’ என்ற இடத்தில் நிறுத்தினான்.

"இங்க."

அவர் விரலால் இன்னும் பின்னால் காட்டினார்.

இன்னும் பின்னால் போனான். "இங்கக்கா. முடியலன்னு சொல்றப்ப."

விரல் மறுபடி பின்னால் காட்டியது.

"போதும்னு சொன்னாரே, இங்க. இங்க சொல்லியிருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பாரு."

"அதுக்கு முன்னாடி என்ன இருக்கு?"

இரண்டு டேக்குக்கும் நடுவில் அந்த ரெக்கார்டரை யாரும் நிறுத்தவில்லை. சேந்தன் கிளாப்பையும் தாண்டிப் பின்னால் போனான். கைதட்டல் கேட்டது. முதல் டேக் முடிந்த நேரம் அது. துண்டு கொண்டா என்று யாரோ கத்தினார்கள். சூசைமாணிக்கம் தண்ணீரோரத்தில் உட்கார்ந்திருந்தார் போலும். குளிரில் பல் தந்தியடிக்கப் பேசினார்.

"சரியா வந்துச்சா தம்பி?"

"பின்னிட்டீங்கண்ணே! இன்னொண்ணு போயிடலாம்."

விளம்பரத்தில் அவன் இதைச் சொல்லாத நாளே கிடையாது. எடுத்தது எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், மானிட்டர் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கும், காசு கொடுக்கிற கிளையண்டின் திருப்திக்காக இன்னொன்று எடுத்துவைப்பது வழக்கம். அந்தக் குவாரியில் கிளையண்ட் யாரும் இல்லை.

"மூச்சு வாங்குது தம்பி," என்றது அந்தக் குரல். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீங்க சொன்னா சரி," என்றது.

சேந்தன் மறுபடி பின்னால் வந்தான். ‘சரியா வந்துச்சா தம்பி’ என்று அவர் கேட்டு முடித்த இடத்தில், தன் பதில் தொடங்குவதற்கு முன்னால், நிறுத்தினான்.

"இங்க," என்றான்.

பத்மாசனி தலையாட்டினார்.

"அப்ப படத்துல மொதல் டேக்."

"சரிக்கா."

சேந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எழுந்தவன் போகாமல் நின்றான்.

"அக்கா, மிச்சத்தை அழிச்சிடட்டுமா? படத்துக்கும் வேண்டாம். போலீஸ்லயும் முடிச்சிட்டாங்க. அவர் போதும்னு சொன்னது நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

பத்மாசனி டிஸ்க்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை அந்தம்மா வருவாங்கல்ல, சேந்தா? அவங்களைக் கேட்டுட்டு அழி."