சேற்று நண்டு மூடிய எலும்புக்கூடை

அந்தக் காலத்தில் நண்டுக்கும் பேச வாய் இருந்தது, நின்று கேட்க மனிதருக்கும் பொறுமை இருந்தது. அமெரிக்கப் பழங்குடிகளான சாக்டா மக்கள் அப்போது மேற்கிலிருந்து கிழக்கே வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தார்கள். இறந்தவர்களை வழியில் விட்டுவர மனசில்லை. எலும்புகளைத் தோலில் சுற்றி, கூடையில் வைத்து, முதுகில் சுமந்தே வந்தார்கள்.

ஆறு வந்தால் எலும்புதான் முதலில் கடக்கும். ஆள் பிறகு. அது கட்டுப்பாடு.

குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்ததில் தலோவா பின்தங்கிவிட்டாள். எல்லாரும் அக்கரையில். அவள் முதுகில் புருஷன் லூசாவின் எலும்புக்கூடை, இடுப்பில் குழந்தை. வெள்ளம் ஏறிக்கொண்டே இருந்தது. நடு ஆற்றில் கழுத்தளவு இருக்கும். ஒன்றைத்தான் தலைக்கு மேல் தூக்கிப் போக முடியும்.

தலைவன் நஷோபா அக்கரையிலிருந்து கத்தினான்.

“எலும்பைக் கொண்டு வா! குழந்தைக்குத் திரும்பிப் போகலாம்!”

“திரும்ப ஆறு விடுமா அண்ணா?”

“எலும்பை விட்டு வந்தால் எங்களோடு நடக்க உனக்கு இடமில்லை!”

இறால் மாதிரி நீண்ட உடம்புள்ள சேற்று நண்டு ஒன்று அவள் காலடியில் தலை நீட்டியது.

“ஏம்மா, நீ யோசித்து முடிப்பதற்குள் ஆறு உன் இடுப்புக்கு வந்துவிடும் போலிருக்கே.”

“கேலி பண்ணாதே. இவரை யாரிடம் விட்டுப் போவேன்?”

“என்னிடம் விடு. ஆறு தொடாமல் மண் போட்டு மூடுகிறேன். ஆனால் நான் மூடியதை யாரும் தோண்டக் கூடாது. சம்மதமா?”

குழந்தை வீறிட்டது. தலோவா கூடையை மேட்டில் இறக்கினாள். “சம்மதம்,” என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

கரையேறியவளிடம் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. லூசாவின் எலும்பை எடுத்துப் போக எல்லாரும் திரும்பி வந்தார்கள். கூடை இருந்த இடத்தில் ஈர மண் உருண்டைகள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

நஷோபா தோண்டுகோலை ஓங்கினான். தலோவா குழந்தையோடு அந்த மண்மேல் விழுந்தாள்.

“வாக்குக் கொடுத்திருக்கேன் அண்ணா!”

“எழுந்திரு. லூசாவை விட்டுப் போகவா சொல்கிறாய்?”

“போகவே வேண்டாம். எலும்பை விடக் கூடாது என்றது நீங்கள்தானே? அவர் எழுந்து வர மாட்டார். நாம்தான் இருக்கணும்.”

ஓங்கிய கோல் அப்படியே நின்றது. பிறகு நஷோபா கோலைக் கீழே போட்டான். முதுகிலிருந்த தன் தாயின் எலும்புக்கூடையை அவிழ்த்து லூசாவுக்குப் பக்கத்தில் வைத்து, கை நிறைய மண் அள்ளிப் போட்டான். ஒவ்வொருவராக இறக்கி வைத்தார்கள். மாலைக்குள் அது ஒரு குன்றாகிவிட்டது.

அன்று முதல்தான் சாக்டா மக்கள் நடையை நிறுத்தி அந்த மண்ணில் சோளம் விதைத்தார்கள். சேற்று நண்டும் அன்று முதல்தான், யாரும் கேட்காமலே, தன் வளை வாயில் மண்ணை உருட்டி உருட்டி அடுக்குகிறது.