அரசர் இலையில் நஞ்சு

கேளுங்கள், குழந்தைகளே! காதில் விழாததுபோல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, நீங்களும்தான்!

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கும் முன்னே, செங்கோடன் என்று ஓர் அரசர் இருந்தார். புலிக்கு அஞ்சமாட்டார், போருக்கு அஞ்சமாட்டார், நஞ்சு என்றால் மட்டும் நடுங்கிப்போவார்.

அதனால் அவர் உண்பதை எல்லாம் முதலில் வெள்ளச்சி ருசி பார்ப்பாள். அதுதான் அரண்மனையில் அவள் வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு விள்ளல் தின்பாள். ஒரு நாழிகை ஆகியும் அவள் சாகவில்லை என்றால் அரசர் சாப்பிடுவார்.

சாப்பாடு என்றால் சும்மாவா? நெய் மிதக்கும் பொங்கல், தேன் சொட்டும் அப்பம், பலாச்சுளைப் பாயசம் என்று வேளைக்கு முப்பத்திரண்டு வகை. எல்லாம் சமையல்காரன் காரியின் கைவண்ணம்.

ஒரு வருடம் போனது. அரசருக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. அவரைக் கண்டாலே குதிரை பின்வாங்கியது.

"யாரோ நஞ்சு வைக்கிறார்கள்!" என்றார் அரசர்.

பானைகளை மாற்றினார். கிணற்றை மாற்றினார். கறவைப் பசுக்களை மாற்றினார். வீக்கம் மட்டும் மாறவில்லை.

"காரிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறான். அவனை யானைக் காலில் இடுங்கள்!"

காரியின் கையிலிருந்து அகப்பை நழுவி விழுந்தது. வெள்ளச்சிக்குப் பொறுக்கவில்லை.

"அரசே, நானும்தானே தின்கிறேன்? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

"நீ தின்பது விள்ளல். அது என்ன செய்யும்?"

"அப்படியானால் நாற்பத்தெட்டு நாள் இடம் மாறுவோம். உங்கள் இலையில் நான் உண்கிறேன். நீங்கள் விள்ளலைத் தின்றுவிட்டு, மிச்சப் பசிக்கு என் வீட்டுக்குப் போங்கள். காரி சிறையில் இருக்கட்டும். உங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் சமைக்கட்டும். நஞ்சு இருந்தால் சாவது நான்தானே?"

அரசருக்கு அது பிடித்திருந்தது. பெற்ற தாயையே அடுப்படிக்கு அனுப்பினார்.

வெள்ளச்சியின் வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. வரப்பில் பல்லக்குப் போகாது. முதல் நாள் ஏழு இடத்தில் உட்கார்ந்து, ஏழு முறை புலம்பி, அரசர் போய்ச் சேர்ந்தார். அவள் கணவன் பூதன் கேழ்வரகுக் கூழும் கீரையும் மோரும் வைத்தான். அரசர் முகம் சுளித்தார். மூன்றாம் நாள், "இன்னொரு அகப்பை ஊற்று, பூதா" என்றார்.

"பானை காலி, அரசே. எங்கள் வீட்டுப் பானை இவ்வளவுதான்."

அரண்மனையில் வெள்ளச்சிக்கு முதல் வாரம் சொர்க்கம். இரண்டாம் வாரம் வளையல் இறுகியது. மூன்றாம் வாரம் படி ஏறமுடியவில்லை. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் அரசர் படிகளைத் தாவி ஏறி வந்தார். தூணைப் பிடித்தபடி மூச்சு வாங்கும் வெள்ளச்சியைக் கண்டார்.

"பார்த்தீர்களா, கால் வீக்கம்! நஞ்சேதான்! யானையைக் கொண்டுவாருங்கள்!"

யானை வந்தது. சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட காரி கண்ணை மூடிக்கொண்டான்.

"அரசே," என்றாள் வெள்ளச்சி, "இத்தனை நாளும் சமைத்தது உங்கள் அம்மா."

அடுப்படி வாசலில் அரசரின் தாய் கரண்டியோடு நின்றாள்.

"என்னடா சொன்னாய்? நஞ்சா?"

"இல்லை அம்மா... இவள் நிறையத் தின்றாள். தின்றுவிட்டு உட்கார்ந்தே..."

அரசர் பாதியில் நிறுத்தினார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். வீக்கம் போயிருந்தது. வெட்கத்தில் முகம் சிவந்தது.

"அப்படியானால் என்னைக் கொல்லப் பார்த்தது யார்?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்கள் வலது கை, அரசே."

அரசர் சிரித்தார். சபையே சிரித்தது. காரியின் விலங்கைத் தன் கையாலேயே அவிழ்த்து, மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்த வலது கைக்குத் தீர்ப்பும் சொன்னார்: தினமும் ஒரு வேளை கிணற்றில் ஏற்றம் இறைக்க வேண்டும், வயிற்றில் கால் பங்கு இடம் இருக்கும்போதே இலையை மூட வேண்டும்.

நல்ல உணவே ஆனாலும், பசிக்கு மேல் உண்டு உழைக்காமல் இருப்பவனுக்கு அதுவே நஞ்சாகும்.